கருவியச்சா, கருவிநோக்கா? (கலைச்சொல் உதவி, வியாழனுக்குள்)

அனுப்பியவர்: பயிற்றுநர், பாடாங் செராய்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு எந்திரம்) வகுப்புக்குக் கைப்பிரதி அடிக்க வேண்டும். வியாழன் மாலைக்குள் கொடுத்தால்தான் முடியும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வகுப்பு கோயில் மண்டபத்தில். வருகிற பிள்ளைகள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதற்குப் பிறகு மலாய், தொழிற்கல்லூரியில் மலாயும் ஆங்கிலமும். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காப் பக்கம் வேலை தேடுகிறவர்கள்தான் அதிகம்.

மூன்றச்சு எந்திரம் வரை தமிழ் இடறவில்லை. எக்ஸ், ஒய், இசட் நேரச்சுகள்; அவற்றைச் சுற்றிச் சுழல்வன ஏ, பி, சி. ஐந்தச்சுக்கு (நேரச்சு மூன்று, சுழலச்சு இரண்டு) வந்து, வெட்டுப்பாதையைக் கணக்கிடும் கேம் மென்பொருளைத் திறந்தால் 'டூல் ஆக்சிஸ்' என்று ஒரு பலகம். 'கருவியச்சு' என்றேன். "சார், இது எக்ஸா, ஒய்யா, இசட்டா?" என்று ஒருவன் கேட்டான். மூன்றுமில்லை. அதற்கடுத்த பலகம் 'நான்-கட்டிங் மோஷன்', அதாவது வெட்டாதபோது கருவி ஓடுவது. லீட், டில்ட் என்று கருவியைச் சாய்க்க இரண்டு கோணங்களும் உண்டு.

போதாக்குறைக்கு, இங்குள்ள பட்டறைகளில் பாதி பிளாஸ்டிக் மோல்டு செய்பவை. மோல்டும் தமிழில் அச்சுதான். 'அச்சைக் கடையும்போது கருவியச்சை எந்திர அச்சுக்கு இணையாக வை' என்று எழுதினால் எந்தப் பிள்ளை படிப்பான்?

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி

தம்பி, அச்சு என்ற சொல்லில் ஒரு குறையுமில்லை. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்பது குறள் 475. புறநானூறு 102இல் ஔவையார் 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு' என்கிறார். உப்பு வணிகர் மேடு பள்ளம் தெரியாத வழிக்கு மாற்றச்சு ஒன்றை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மோல்டோடு குழம்புகிறதென்றால் வண்டியச்சுக்கே 'இருசு' என்று இன்னொரு சொல் அகராதியில் தூங்குகிறது. உளி + இருசு = உளியிருசு. எடுத்துக்கொள்ளுங்கள்.

மோஷனுக்கு இயக்கம், நகர்வு என்று அலைய வேண்டாம். 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே கொடுத்துவிட்டார். செல்லுவது செலவு. ஆக, வெட்டாச் செலவு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். அச்சுக்கடைக்காரர் அதை விழுங்கிவிடுவார், பார்த்துக்கொள்ளவும்.

அனுப்பியவர்: கேம் நிரலர், ஷா ஆலம்

ஐயா, 'வெட்டாச் செலவு' எங்கள் முதலாளிக்கு மிகவும் பிடிக்கும். எந்திரம் வெட்டாமல் காற்றில் ஓடுகிற நேரமெல்லாம் அவர் கணக்கில் செலவுதான். உளி பொருளுக்குள் இறங்குவதை 'வரவு' என்றும் வெளியேறுவதைச் 'செலவு' என்றும் வைத்தால் நாடாளுமன்றத்திலேயே தாக்கல் செய்துவிடலாம்.

விளையாட்டு போகட்டும். பெயர் வைக்கும் முன் பொருளைப் பார்ப்போம். கேம் மென்பொருள் எழுதும் வெட்டுப்பாதைக் கோப்பில் ஐந்தச்சு வேலையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு எண்கள். முதல் மூன்று, கருவி முனை நிற்கும் இடம். அடுத்த மூன்று (ஐ, ஜே, கே), முனையிலிருந்து பிடிப்பானை நோக்கிப் போகும் ஓரலகுத் திசை. 1950களில் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த, எந்திரங்களுக்கு நிரல் எழுதும் ஏபிடி மொழியின் வழக்கம் இது. இந்த ஐ, ஜே, கே-தான் டூல் ஆக்சிஸ். எந்திரத்தில் எந்த அச்சு எங்கே இருக்கிறது என்ற கவலை இதற்கு இல்லை. அந்தத் திசையை ஏ, பி, சி கோணங்களாக மாற்றுவது பிறகு வரும் போஸ்ட் புராசசர் என்ற மாற்றி நிரலின் வேலை.

ஐஎஸ்ஓ 841 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி இசட் என்பது சுழல்தண்டுக்கு (ஸ்பிண்டில்) இணையான அச்சு. கருவி வேலைப்பொருளை விட்டு விலகும் பக்கம் நேர்க்குறி. மூன்றச்சில் கருவி எப்போதும் இசட்டோடு ஒட்டியே நிற்பதால் அதற்கென்று ஒரு திசை உண்டு என்பதே நமக்கு உறைக்கவில்லை. அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

அப்படியெண்டால் அது ஒரு காவி. அச்சே இல்லை. தமிழ்நாட்டார் திசையன் எண்டு சொல்லுறது. 'கருவித்திசை' எண்டு போட்டால் முடிஞ்சுது.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி

காவி சாமியார் உடுத்துவது அல்லவா அம்மா?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

ஐயா, காவுதல் எண்டால் சுமத்தல். காவடி எங்கேயிருந்து வந்தது? பத்துமலைக்கு வருசா வருசம் எடுக்கிறீங்கள். லத்தீனிலும் வெக்டர் எண்டால் சுமப்பவன்தான். பள்ளிக்கூடத்தில் காவி, எண்ணி எண்டு படிச்ச ஆக்கள் நாங்கள். 'திசையன்' கேட்டால் எனக்கு ஆரோ ஒரு ஆளின்ர பேர் மாதிரி இருக்கு.

அனுப்பியவர்: பட்டறை உரிமையாளர், கோவை

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஊர்ல டூல்னா டூல்தானுங்க. உளிங்கறது ஆசாரி கையில இருக்கறது. லேத்துல ஒத்தைப் பல்லு டூலுக்கு உளின்னு சொன்னாக்கூட ஒத்துக்கலாம். நாலு பல்லோட சுத்தற எண்ட் மில்லைப் போய் உளிங்கறீங்களே, அதுவே மொதல்ல தப்பு.

இன்னொண்ணு. சுத்தற கட்டருக்கு நெசமாவே அச்சு உண்டுங்க. எந்தக் கோட்டைச் சுத்தி அது சுத்துதோ அதுதானே அச்சு? 'கருவியச்சு' தப்பில்லை. பையனுக்குப் புரியலைன்னா வாத்தியார் ஒரு படம் போட்டுக் காட்டணும், சொல்லை மாத்தி என்ன ஆகப்போகுது?

அனுப்பியவர்: கேம் நிரலர், ஷா ஆலம்

அண்ணே, உளி விஷயத்தில் நான் உங்கள் கட்சி. அச்சு விஷயத்தில் பாதிதான். கோடு இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பலகம் கேட்கும் கேள்வி 'கோடு எது' என்பதல்ல, 'கோடு எங்கே பார்க்க வேண்டும்' என்பது. அதிலுள்ள தெரிவுகளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஒரு புள்ளியை நோக்கி, புள்ளியிலிருந்து விலகி, ஒரு கோட்டை நோக்கி, பரப்புக்குச் செங்குத்தாக. 'நோக்கி' தானாகவே வந்து விழுகிறது. 'கருவிநோக்கு' என்றால் என்ன குறை? அச்சு என்ற சொல் எந்திரத்துக்கே இருக்கட்டும். மோல்டை மோல்டு என்றே எழுதுங்கள்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி

கண்ணுள்ளதுதான் நோக்கும். 'அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்' என்றான் கம்பன். செய்யுள் உறுப்பு முப்பத்து நான்கில் நோக்கும் ஒன்று. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இரும்புக்கு ஏது நோக்கு?

அனுப்பியவர்: பட்டறை உரிமையாளர், கோவை

தெற்கு நோக்கின வீடுங்கறோம். வீட்டுக்குக் கண்ணா இருக்குதுங்க?

அனுப்பியவர்: பயிற்றுநர், பாடாங் செராய்

ஐயா, அண்ணே, நன்றி. கருவிநோக்கு என் காதுக்கு ஒட்டுகிறது. வகுப்பில் வேறொன்றும் உதவியது. இங்குள்ள பிள்ளைகளின் பாட்டிமார் பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள். பட்டையில் வெட்டு ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்குகிறது. அது பாதை. கத்தியைப் பட்டையோடு எவ்வளவு சாய்த்துப் பிடிக்கிறோம் என்பது வேறு. பாதை அதேதான், பிடியை மாற்றினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்திவிடும். இதைச் சொன்னதும் மோஷன் வேறு, டூல் ஆக்சிஸ் வேறு என்பது அவர்களுக்குப் பட்டென்று விளங்கிவிட்டது.

அதனால் லீடுக்கு 'முன்சாய்வு', டில்ட்டுக்குப் 'பக்கச்சாய்வு' என்று வைக்கிறேன். முன்சாய்வு கருவி போகும் திசையோடு, பக்கச்சாய்வு அதற்குக் குறுக்காக. சாய்க்கக் காரணமும் எழுதியிருக்கிறேன்: உருண்டை முனைக் கருவியை நேராக நிறுத்தினால் நடு முனையில் வெட்டுவேகம் சுழியம். அங்கே அது வெட்டாது, தேய்க்கும். சாய்த்தால் சுழலும் பக்கவிளிம்பு வெட்டும்.

மோஷனுக்குத்தான் இன்னும் முடிவில்லை. 'பெயர்ச்சி' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். 'உளிப்பெயர்ச்சி' என்று பலகையில் எழுதியதும் பின்வரிசையிலிருந்து "எந்த ராசிக்கு சார்?" என்று குரல் வந்தது.

அனுப்பியவர்: குழும மட்டுறுத்துநர்

அச்சைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'பாக்சி'க்குப் 'பக்கம்' வேர் என்றும், ஆங்கில ஆக்சிசும் வடமொழி அக்ஷமும் தமிழ் அச்சிலிருந்து போனவை என்றும் வந்திருக்கும் நீண்ட மடல்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். பழைய மலாயில் பாக்சி என்றால் பறவையும்கூட என்பதை நினைவூட்டி, இந்தக் கிளையை இத்தோடு முடிக்கிறேன். வியாழன் வருகிறது.

அனுப்பியவர்: கேம் நிரலர், ஷா ஆலம்

'வெட்டா நகர்வு' போதும். அதற்குள் அணுகல், நுழைவு, விலகல், கடப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். ஜி00 என்ற கட்டளை தரும் விரைநகர்வு நேர்கோட்டில் போகும் என்று நம்பக் கூடாது. பல எந்திரங்களில் ஒவ்வோர் அச்சும் தன் உச்ச வேகத்தில் ஓடும். குறுகிய தூரம் போகவேண்டியது முதலில் நின்றுவிடும். பாதை முறிந்து, வேலைப்பொருளைப் பிடித்திருக்கும் கிளாம்பில் போய் இடிக்கும். நேர்கோட்டில் வெட்டும் கட்டளையான ஜி01இல் அப்படி இல்லை. நகர்வா செலவா என்பதைவிட அந்தக் கிளாம்பு எனக்கு முக்கியம்.

அனுப்பியவர்: பயிற்றுநர், பாடாங் செராய்

கைப்பிரதி கடைக்குப் போய்விட்டது. கருவிநோக்கு, முன்சாய்வு, பக்கச்சாய்வு, வெட்டா நகர்வு. ஒவ்வொன்றின் முதல் இடத்திலும் திரையில் வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகள் அழுத்தப்போவது அந்தப் பொத்தானைத்தானே.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

நல்லது. நான் என்ர கையேட்டில் கருவித்திசை எண்டுதான் போடுவன். இரண்டும் இருக்கட்டும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி

நோக்குக்கு இசைகிறேன், வீட்டு வாதம் வலுவானது. நகர்வுக்கு இசையவில்லை. நகர்வது நத்தை. நிமிடத்துக்கு முப்பது மீட்டர் ஓடுவதையும் நகர்வு என்பீர்களா? என் மறுப்பைப் பதிவு செய்யவும். அடுத்த பதிப்புக்குள் 'வெட்டாச் செலவு' மீண்டும் கேட்பேன்.