'எட் அல்': ஏனையோரா, முதலானோரா?

வணக்கம் சேர்.

பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டும்போது முதல் ஆசிரியரின் பெயரை மட்டும் எழுதி, மற்றவர்களுக்குப் பதிலாக 'எட் அல்' (et al.) என்று இலத்தீனில் போடுகிறோமே, அதற்குத் தமிழில் 'ஏனையோர்' என்று நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக எழுதிப் பார்த்தேன். நம் பக்கத்துக் காதுக்குப் பழகிய சொல்தான், ஆனால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் இடிக்கிறது.

இந்தச் சொல் ஏன் அவசரமாக வேண்டும் என்பதற்கு ஒரு கதை. போன வாரம் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் ஆய்வேட்டைத் திருத்தினேன். பக்கத்துக்குப் பக்கம் 'எட்டால் (2014)', 'எட்டால் (2017)'. "யாரம்மா இந்த எட்டால்?" என்றேன். "எல்லாக் கட்டுரையிலும் வாறாரே மிஸ்" என்றாள்.

சரி, உதாரணத்துக்கு வருகிறேன். தனிமங்களின் தோற்றம் பற்றி 1948 ஏப்ரல் 1இல் வெளிவந்த கட்டுரைக்கு அல்ஃபர், பேத்தே, காமோ என மூன்று ஆசிரியர்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையான ஏபிஏ நடையின் 7ஆம் பதிப்புப்படி (2019) மூவர் என்றாலே முதல் தடவையிலிருந்து சுருக்கிவிடலாம். உங்கள் சொல்லை வைத்தால் 'அல்ஃபராலும் ஏனையோராலும்', 'அல்ஃபரதும் ஏனையோரதும்' என்று உருபையும் உம்மையையும் இரண்டிரண்டு தடவை சுமக்க வேண்டும். 'அல்ஃபர் முதலானோரால்', 'அல்ஃபர் முதலானோரின்' என்றால் ஒரே உருபோடு முடிந்தது. முதல் ஆசிரியர் என்ற குறிப்பும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சிலர் 'அல்ஃபர் ஆகியோர்' என்று எழுதுகிறார்கள். அது பிழை. பட்டியலை முழுதாகச் சொல்லி மூடும் இடத்தில்தான் 'ஆகியோர்' வரும். மூன்று பேரையும் எழுதினால் போடலாம். 'குழுவினர்' என்றால் அல்ஃபர் தலைவராகிவிடுவார். அவர் காமோவின் மாணவர்!

இன்னொன்று: இலத்தீனில் ஆண்களுக்கு 'அலீ', பெண்களுக்கு 'அலீயே' என்று முடிவு மாறும். 'அல்' என்று வெட்டினால் அந்தத் தொல்லை மறைந்துவிடும். நமக்கு வெட்டவே தேவையில்லை, 'ஓர்' விகுதி இருபாலாருக்கும் பொது.

இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கதை. இந்த ஆய்வில் பேத்தேவுக்கு வேலையே இல்லை. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்கட்டும் என்று காமோ விளையாட்டாகச் சேர்த்த பெயர் அது. கொழுந்து நிறை குறைந்ததற்கே அரைப்பேர் (அரை நாள் கூலி) போடும் ஊரில், கூடையே தூக்காதவருக்கு முழுப்பேர்! 'முதலானோர்' என்று எழுதினால் செக்ரோலில் (தோட்டத்து வரவுப் பதிவேட்டில்) நிற்பது அல்ஃபர் மட்டும்தான். எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி.

இருவர் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, 'வாட்சனும் கிரிக்கும் (1953)' போதும். 'மற்றும்' எதற்கு?

அட்டவணைக்குத்தான் வழி தெரியவில்லை. 'முதலானோர்' சிறு கட்டத்துக்குள் அடங்காது, 'முத.' என்று சுருக்கினால் 'முதல் பதிப்பு' என்று வாசித்துவிடுவார்கள். அதற்கு மட்டும் ஒரு சுருக்கம் சொல்லுங்கள் சேர்.