பிரைமருக்கு "முதற்பூச்சு" வேண்டாம், "பிடிபூச்சு" வைக்கலாமா?

கார் பெயிண்டு வேலைச் சொல்லுக்கெல்லாம் தமிழ்ப் பேர் தேடும்போது, கலர் அடிக்கறதுக்கு முன்னாடி தகட்டுல அடிக்கற பிரைமரை முதற்பூச்சுன்னு எழுதினா பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கார் பாடி வேலைக்கு அது ஒத்துவராதுங்கறது என் கருத்து. கம்பெனியிலேயே தகட்டை பாஸ்பேட் கரைசல்ல முக்கி, அப்புறம் கரண்ட் பாயற பெயிண்ட் தொட்டில இறக்கி, சுமாரா 20 மைக்ரான் கனத்துக்கு ஒரு பூச்சு ஏத்திட்டுத்தான் மத்ததெல்லாம் அடிக்கறாங்க, நிஜமான முதல் பூச்சு அதுதான். ரீபெயிண்டுக்கு வர்ற வண்டில பல இடத்துல அது அப்படியே இருக்கும், துரு ஏறி தேய்ச்செடுத்த இடத்துல மட்டும் வெறும் தகடு தெரியும். அங்க துருவைத் தடுக்கற எபாக்சி பிரைமர், அது மேல பள்ளத்தை அடைக்கற பட்டி, பட்டி தேய்ச்சப்புறம் மேற்பரப்பைச் சமமாக்கற சர்ஃபேசர்னு வேலை போகுது. இதுல எதை முதல்னு சொல்றது?

அடிப்பூச்சும் சரிவராது. வண்டிக்கு அடின்னா கீழ்ப்பக்கம், சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவோட (வீல் ஆர்ச்) உள்பக்கம். அங்க கருப்பா கெட்டியா அடிக்கற அண்டர்கோட்டிங்குக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும், அதை அதுக்கே விட்டுடலாம்.

பட்டறைல காதுல விழற சொல்லு "பிடிப்பு". பெயிண்டு பிடிக்கல, தோல் தோலா உரியுதும்பாங்க. பழைய பாலிஷ்ல இருந்த சிலிக்கான் போகலைன்னா பெயிண்டு அங்கங்க விலகி குட்டிக் குட்டிக் குழியா நிக்கும். அதனாலதான் சோப்புத் தண்ணில கழுவி, மெழுகு எடுக்கற திரவத்தால சுத்தமான துணில துடைச்சிட்டு அப்புறம்தான் உப்புத்தாளைத் தொடணும், முதல்லயே தேய்ச்சா அந்த எண்ணெய்ப் பிசுக்கு கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும். இத்தனை பாடும் ஒரு பிடிப்புக்காகத்தான், அதனால பிரைமர்னா பிடிபூச்சு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகைங்கறதால நடுவுல ஒற்றும் வேண்டாம், வாய்லயும் சுலபமா வருது.

சர்ஃபேசருக்கு "நிரவுபூச்சு" வைக்கலாம்னு தோணுது. இது உப்புத்தாள் போட்ட கீறல், பட்டில இருக்கற ஊசித்துளை, லேசான பள்ளம் எல்லாத்தையும் நிரவற சமாச்சாரம், கனமா ரெண்டு மூணு கோட் அடிச்சு காயவிட்டு தேய்ச்சு சமமாக்கறது. தேய்க்கறதுக்கு முன்னாடி மேல லேசா கருப்புத் தூவல் அடிப்பாங்க பாருங்க, மரக்கட்டைல தாளைச் சுத்தி 400 நம்பர்ல தண்ணி விட்டு தேய்க்கும்போது மேடு முதல்ல சாம்பல் நிறமாயிடும், பள்ளத்துல மட்டும் கருப்பு நிக்கும், விரலுக்குத் தெரியாத பள்ளம்கூட கண்ணுக்குத் தெரிஞ்சிடும். கைடு கோட்னு சொல்ற அந்தத் தூவலுக்கு "பள்ளங்காட்டி" போதும்.

எபாக்சி பிரைமர், சர்ஃபேசர் ரெண்டையும் பிரைமர்ங்கற ஒரே பேர்ல கூப்பிடறதுலதான் நிறைய வண்டி கெட்டுப்போகுது, அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன். சாம்பல் கலர்ல அடிச்சாச்சு, இனி துரு வராதுன்னு நம்பி வெறும் தகட்டு மேல சர்ஃபேசரை மட்டும் அடிச்சு மழைல நிறுத்திடறாங்க. அது ஈரத்தை உள்ள விடும், அடில துரு கிளம்பும், மேல எவ்வளவு நல்ல பெயிண்டு அடிச்சாலும் கொஞ்ச நாள்ல கொப்புளம் தட்டும். எபாக்சி அப்படியில்ல, ஈரத்தை நல்லாத் தடுக்கும். பட்டியும் ஈரத்தை இழுக்கற பண்டம், மேல எதுவும் அடிக்காத பட்டியைத் தண்ணி விட்டு தேய்க்கவே கூடாது. டப்பாவுல பிடிபூச்சு, நிரவுபூச்சுன்னு தனித்தனியா போட்டிருந்தா வேலை கத்துக்கற பையனுக்கு எது எதுக்குன்னு பேரே சொல்லிடும்.

இன்னொன்னு பாக்கி இருக்கு. பழைய பெயிண்டு உடைஞ்ச ஓரத்தை நகம் தட்டாத அளவுக்கு சரிவா தேய்ச்சு விடறோமே, ஃபெதர் எட்ஜ். இறகுன்னு நேரா மாத்தினா யாருக்கும் புரியாது. "ஓரச்சரிவு"ன்னு நான் சொல்வேன், பட்டறைல இதுக்கு வேற வார்த்தை புழங்கினா அதையே எடுத்துக்கலாம், தெரிஞ்சவங்க எழுதுங்க.