ஒரு நாள் பிந்திய யோகட்டுக்கு வழக்காம்!

மல்லாவி மைந்தன்:
நேற்று இங்கே ‘பெட்டிக்கடை’ என்பவர் எழுதியதை வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், அதுதான் பி.எச்.ஐ.மார், ஏழைக் கடைக்காரரைத்தான் தேடிப் பிடிக்கிறார்களாம், அவருடைய மைத்துனருக்கு ஒரே ஒரு நாள் திகதி பிந்திய யோகட்டுக்காக வழக்குப் போட்டுவிட்டார்களாம். போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என் மகள் வாங்கித் தின்றது திகதி முடியாத யோகட்தான். இரண்டு நாள் வயிற்றாலே போய் சேலைன் ஏற்றினோம். இரவில் கடையோடு சேர்த்துப் பிரிஜ்ஜையும் நிற்பாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பிடிக்க ஆள் வேண்டாமா?

பெட்டிக்கடை:
ஒரு நாள். நான் எழுதியது ஒரு நாள். 14ஆம் திகதி முடிந்தது, 15ஆம் திகதி காலை பத்து மணிக்கு வந்து நிற்கிறார்கள். யோகட் வான் எங்கள் பக்கம் கிழமைக்கு ஒருமுறைதான் வரும், பழையதை வானில் வருகிற பெடியன்தான் திருப்பி எடுக்க வேண்டும், அவன் வரும்வரை மைத்துனர் அதை ஒதுக்கி வைத்திருந்தார். அதற்கு வழக்கு. ஏ9 வீதியில் பெரிய கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே போவார்களா?

ஓய்வுபெற்றவர்:
முல்லைத்தீவுப் பக்கம் பல வருடம் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி பி.எச்.ஐ. தானாகத் தண்டம் அடிக்க முடியாது, நீதிவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடத்தான் முடியும். அது இருக்கட்டும், ஒதுக்கி வைத்ததென்றால் எங்கே ஒதுக்கி வைத்தார்?

பெட்டிக்கடை:
பிரிஜ்ஜில்தான். வேறு எங்கே வைப்பது, வெயிலிலா?

ஓய்வுபெற்றவர்:
அதே பிரிஜ்ஜில், விற்கிற யோகட்டோடு?

பெட்டிக்கடை:
கீழ்த்தட்டில். ஐயா, நான் கேட்டது ஒரு நாளைப் பற்றி. இரவு பன்னிரண்டு மணி அடித்தவுடன் யோகட் நஞ்சாகிவிடுமா? பதில் சொல்லுங்கள்.

குருமன்காட்டுப் பெடியன்:
அந்த டப்பாவில் இருந்தது எக்ஸ்பயரித் திகதியா, ‘இதற்கு முன் நல்லது’ என்ற திகதியா? இரண்டும் ஒன்றல்லவே, ஒன்று அதன்பிறகு சாப்பிடக்கூடாது என்பது, மற்றது அதன்பிறகு தரம் குறையலாம் என்பது.

பெட்டிக்கடை:
எதுவாக இருந்தாலும் ஒரு நாள்தான்.

ஸ்காபரோ அண்ணை:
இங்கே ரொறன்ரோவில் சாப்பாட்டுக்கடை வாசலிலேயே அட்டை ஒட்டியிருக்கும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் குறை இருக்கிறது, சிவப்பு என்றால் பூட்டு. ஆளைப் பார்த்து நடப்பது கிடையாது. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் வர இன்னும் நாளாகும்.

பெட்டிக்கடை:
வந்துவிட்டார். அண்ணை, 2022இல் மின்சாரம் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை நின்றபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அந்த ஓகஸ்டில் கட்டணத்தை ஏற்றினார்கள், அடுத்த பெப்ரவரியில் திரும்பவும் ஏற்றினார்கள். பாணும் தீப்பெட்டியும் விற்று அந்த பில்லைக் கட்டிப் பாருங்கள், அப்புறம் பச்சை மஞ்சள் சொல்லுங்கள். இன்னொன்று, 2009இல் யுத்தத்தின் கடைசியில் மாத்தளனில் அடைபட்டுக் கிடந்தபோது திகதி பார்த்தா சாப்பிட்டோம்? உப்பில்லாக் கஞ்சி குடித்துத்தான் உயிரோடு வந்தோம்.

மல்லாவி மைந்தன்:
அந்தக் கஞ்சியை இதற்குள் இழுக்காதீர்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன். அதை ஒருவரும் எங்களுக்குக் காசுக்கு விற்கவில்லை. பில் கூடிவிட்டது என்கிறீர்களே, அப்படியென்றால் உங்கள் மைத்துனரும் இரவில் பிரிஜ்ஜை நிற்பாட்டுகிறார், அப்படித்தானே?

பெட்டிக்கடை:
நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாள் என்றுதான் சொன்னேன்.

ஓய்வுபெற்றவர்:
தம்பி, திகதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். டப்பாவில் போடுகிற திகதி, அது முழுக்கக் குளிரில் இருந்தால் என்ற கணக்கில் போடுவது. ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடையில் கிருமி பெருகும். சித்திரை வெயிலில் தகரக்கூரைக் கடைக்குள் இரவு முழுக்க நிற்பாட்டிய பிரிஜ் விடியும்போது எப்படி இருக்கும் என்று கையை விட்டுப் பாருங்கள். காலையில் திரும்பக் குளிரவைத்தால் யோகட் இறுகி நல்லதுபோலத் தெரியும், அவ்வளவுதான். நாங்கள் கடைக்குக் கடை சொல்வது, திகதி முடிந்ததைத் தனிப்பெட்டியில் போட்டு ‘விற்பனைக்கல்ல’ என்று எழுதி வையுங்கள் என்று. ஒரு மட்டை, ஒரு பேனை. அதற்கும் மின்சாரக் கட்டணமா?

பெட்டிக்கடை:
நீங்கள் வேலை பார்த்த காலத்தில் பெரிய கடைக்குள் போய் மட்டை தேடினீர்களா? எங்கள் ஊரில் பழைய ஆள் ஒருவர் இருந்தார், கடைக்கு வந்தால் சோடா உடைத்துக் கொடுக்கும்வரை எழும்பமாட்டார். உங்களைச் சொல்லவில்லை, தொப்பி அளவாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்றவர்:
நான் கடையில் தேத்தண்ணிகூடக் குடித்ததில்லை. ஊரில் கேட்டுப் பாருங்கள்.

குருமன்காட்டுப் பெடியன்:
கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. எந்தத் திகதி?

பெட்டிக்கடை:
நீர் வவுனியா ரவுண் ஆள். வன்னிக் கடையைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?

குருமன்காட்டுப் பெடியன்:
வவுனியா வன்னி இல்லையா? வன்னித் தேர்தல் மாவட்டமே வவுனியாவும் மன்னாரும் முல்லைத்தீவும்தான். கிளிநொச்சிதான் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்து வாக்குப் போடுகிறது. இப்போது சொல்லுங்கள், யார் வன்னி?

பெட்டிக்கடை:
வாக்குச்சீட்டை வைத்தா வன்னியைப் பார்க்கிறீர்? இடப்பெயர்வில் எத்தனை தரம் கூடாரம் மாற்றினீர் என்று சொல்லும், அதன் பிறகு கதைப்போம்.

ஸ்காபரோ அண்ணை:
இதனால்தான் நான் எழுதுவதே இல்லை.

மல்லாவி மைந்தன்:
எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சரி, பெட்டிக்கடை, கடைசியாகக் கேட்கிறேன். பிரிஜ் இரவில் ஓடுகிறதா, இல்லையா?

பெட்டிக்கடை:
வழக்கு பிரிஜ்ஜுக்கு இல்லை, திகதிக்கு. ஒரு நாள். நீதிமன்றத்திலும் அதையே சொல்லுவோம். உங்கள் பிள்ளை றோட்டில் வேறு என்ன வாங்கித் தின்றதோ யாருக்குத் தெரியும்? கடை திறக்க நேரமாகிறது, மிச்சத்தை இரவு வந்து எழுதுகிறேன்.

மல்லாவி மைந்தன்:
பிள்ளையைப் பற்றி இன்னொரு சொல் வேண்டாம். திறந்தவுடன் முதலில் பிரிஜ்ஜைப் போடுங்கள்.

பெட்டிக்கடை:
ஒரு நாள்!!