கடைத் தொட்டியில் நன்றாக இருக்கும் மீன், வாங்கியவர் வீட்டில் ஒரே வாரத்தில் இறப்பது ஏன்?

திருநகர் மீன்கடை:

வணக்கம். மதுரை திருநகரில் எங்களுக்குச் சிறிய வண்ணமீன் கடை இருக்கிறது. முழங்கால் வலியால் அப்பாவால் நெடுநேரம் நிற்க முடிவதில்லை. எட்டு மாதமாக மகளான நான்தான் கடையைப் பார்க்கிறேன். சென்னை கொளத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை, ஆக்சிஜன் அடைத்த பைகளில், இரவு பஸ்ஸில் மீன் வருகிறது. வந்ததும் ஐந்து நாள் தனித்தொட்டியில் விட்டுப் பார்த்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே விற்கிறேன். கடையில் மீன் சாவது மிகக் குறைவு.

விற்ற பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் உண்டியலை உடைத்து, கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு கோல்டுபிஷ்ஷும் வாங்கிப்போனான். ஐந்தாம் நாள் இரண்டும் செத்துவிட்டன. அழுதுகொண்டு வந்தான். காசு வாங்காமல் வேறு இரண்டு கொடுத்தேன். அவை ஆறாம் நாள். மூன்றாம் முறை அவனுடைய தாத்தா வந்தார். சத்தம் போடவில்லை. "உயிரை விற்கிறாய். அதை எப்படிக் காப்பாற்றுவது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா, தாயி?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது நியாயம். என்னிடம் பதில்தான் இல்லை.

"வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், தீனி குறைவாகப் போடுங்கள்" என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அப்பாவும் அதைத்தான் சொல்லி வந்தார். இதற்கு மேல் நான் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், யாருக்கு எந்த மீனைக் கொடுக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

கொளத்தூர் வளர்ப்புக்காரர்:

முப்பது வருடமாக மீன் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறேன். உன் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் மூன்று விவரம் வேண்டும் தாயி. புகார் சொன்னவர்களின் மீன் எத்தனையாவது நாளில் செத்தது? தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கினார்களா? வீட்டில் என்ன தண்ணீர் ஊற்றினார்கள்?

கடைசிக் கேள்விக்கு "நல்ல தண்ணீர்" என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளாதே. மனிதனுக்கு நல்ல தண்ணீர் எல்லாம் மீனுக்கு நல்ல தண்ணீர் அல்ல.

திருநகர் மீன்கடை:

ஐயா, தாத்தா வந்துபோனது முதல் ஒரு நோட்டில் புகார்களைக் குறித்து வருகிறேன். மூன்று வாரத்தில் பதினொன்று. அவற்றில் எட்டு பேர் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கியவர்கள். அந்த எட்டு வீட்டிலும் சாவு நான்காம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, செவுள் சிவந்திருந்தது என்கிறார்கள்.

ஒருவர் வீட்டில் மட்டும் விட்ட மறுநாள் காலையே எல்லாம் செத்துவிட்டன. மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில் நேராகப் பிடித்து ஊற்றினாராம். மீதி இருவருக்கும் மீன் உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி.

தண்ணீர் என்று பார்த்தால் ஆறு வீட்டில் போர்வெல். பையன் வீட்டிலும் அதுதான். மூன்று வீட்டில் கேன் தண்ணீர். என் கடையில் மாநகராட்சித் தண்ணீரைத் தொட்டியில் இரண்டு நாள் தேக்கி வைத்துப் பயன்படுத்துகிறோம்.

கொளத்தூர் வளர்ப்புக்காரர்:

நோட்டுப் போட்டாயே, பாதி வேலை முடிந்தது. மீன் செத்த நாளைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

மறுநாளே செத்தால் குளோரினைச் சந்தேகப்படு. குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் காற்றுக்குழாய் போட்டு வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்பேட், பத்து லிட்டருக்கு ஒன்றிரண்டு படிகம்.

நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை செத்தால் அம்மோனியா. உன் எட்டு வீட்டுக்கும் இதுதான் காரணம். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே வரும். பழகிய தொட்டியில் தண்ணீரை வடிகட்டும் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரு கூட்டமும் புதுத் தொட்டியில் கிடையாது. தாமாக வளர்ந்து நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீ மீனைக் கொடுத்தாய். அது உயிரோடிருக்கத் தேவையான, கண்ணுக்குத் தெரியாத பாதி உன் கடைப் பஞ்சிலேயே தங்கிவிட்டது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மீன் தீனி ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளியாகும் என்பது மீன்பண்ணைகளில் வைத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் ஒரு கிராம் தீனிக்கு 30 மில்லிகிராம். பையனுடைய கிண்ணம் பத்து லிட்டர் பிடிக்குமா? மூன்று நாளில் ஒரு கிராம் தீனி போட்டிருந்தாலே லிட்டருக்கு 3 மில்லிகிராம். குழந்தை ஆசையாக அதைவிடக் கூடுதலாகத்தான் போட்டிருப்பான். இதே ஒரு கிராம், இரண்டடி நீளம் ஓரடி அகலம் ஓரடி உயரமுள்ள தொட்டியில் போனால் சுமார் 56 லிட்டரில் கலக்கும். நஞ்சு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

அடுத்தது போர்வெல். மதுரைப் பக்கம் பாறை நிலம். போர்வெல் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து கடினமாகவும், காரத்தன்மையோடும் இருக்கும். அம்மோனியாவுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று சாது, மற்றொன்று கொல்லும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-லிருந்து 8 ஆனால் கொல்லும் வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிறது. வெப்பம் ஏறினாலும் அது கூடும். அதே கிண்ணம், அதே தீனி. ஆனால் சித்திரை வெயிலில், போர்வெல் தண்ணீரில் மீன் தாங்காது. போதாக்குறைக்கு 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். கோல்டுபிஷ்ஷோ குளிர்ந்த நீரின் மீன். அதைக் கிண்ணத்தில் விற்பதை இன்றோடு நிறுத்திவிடு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெள்ளைப் புள்ளி வேறு கதை. அது ஒட்டுண்ணி. அலைச்சலிலும் வெப்ப மாற்றத்திலும் மீன் சோர்ந்திருக்கும்போது பிடிக்கும். உன் ஐந்து நாள் தனித்தொட்டியைப் பத்து நாளாவது ஆக்கு.

மேலூர் வாசகி:

நான் கடைக்காரர் அல்ல, மீனைச் சாகடித்த வாடிக்கையாளர். அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

என் மகளுக்காகத் தொட்டி வாங்கினோம். மீனுக்குச் சுத்தம் முக்கியம் என்று நம்பினேன். ஞாயிறுதோறும் மீனை வாளியில் பிடித்துவிட்டு, தொட்டி, கல், பஞ்சு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மூன்று கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. அதை எப்படி மீனுக்கு ஊற்றுவது என்று நினைத்தேன். கப்பி மீன்கள் ஒவ்வொன்றாக வாலைச் சுருக்கிக்கொண்டு செத்தன. நான் செய்த ஒவ்வொன்றும் அன்பினால் செய்தது. பிறகுதான் தெரிந்தது: தேய்த்துக் கழுவியபோது அந்த நல்ல பாக்டீரியாவையும் வாரந்தோறும் கழுவி ஊற்றியிருக்கிறேன். கப்பிக்கோ உப்புச் சத்துள்ள கடின நீர்தான் பிடிக்கும். என் வீட்டுக் குழாயிலேயே அதற்கேற்ற தண்ணீர் இருந்திருக்கிறது.

"வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்" என்று என்னிடமும் சொன்னார்கள். எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. கால் பங்கு மட்டும் என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். பஞ்சைக் கழுவுவதென்றால், எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும் என்பதையும் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரியாது, தெரியாது என்பதும் எங்களுக்குத் தெரியாது.

வாடிப்பட்டிக் கடைக்காரர்:

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் கடை நடத்துகிறவனுடைய நிலையையும் பாருங்கள். "இன்று தொட்டி மட்டும் வாங்குங்கள், ஒரு மாதம் கழித்து மீனுக்கு வாருங்கள்" என்றால் எந்தப் பிள்ளை ஒப்புக்கொள்ளும்? அழும். அப்பா வண்டியைத் திருப்பி அடுத்த கடைக்குப் போவார். அங்கே கிண்ணமும் கோல்டுபிஷ்ஷும் சேர்த்துக் கொடுப்பார்கள். வியாபாரம் போகும், மீனும் சாகும். தங்கச்சி வாடகை கட்ட வேண்டாமா?

கொளத்தூர் வளர்ப்புக்காரர்:

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லாத வழி இருக்கிறது. உன் ஒவ்வொரு விற்பனைத் தொட்டியிலும் இரண்டு மூன்று ஸ்பாஞ்ச் பில்டரை, அதாவது பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டியை, கூடுதலாக ஓடவிடு. ஆறு வாரம் ஓடியதை, எந்தத் தொட்டி மீனை விற்கிறாயோ அந்தத் தொட்டியிலிருந்தே எடுத்து, அதே தண்ணீர் நிறைத்த பையில் போட்டு மீனோடு கொடு. ஒரே தொட்டி என்பதால் புது நோய் போகாது. காய்ந்தால் பாக்டீரியா செத்துவிடும். வீட்டுக்குப் போனதும் பம்பை ஓட்டச் சொல். புது பில்டரைவிட இருபது முப்பது ரூபாய் கூடுதலாக வாங்கு, தப்பே இல்லை. முதல் நாள் ஒரு ஜோடி மீன் மட்டும். பத்து நாள் கழித்து அடுத்த ஜோடி. வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார், தம்பி. அதுவும் வியாபாரம்தானே?

இரண்டு மூன்று வாரம் கழித்தும் ஒரு கண்டம் உண்டு. அப்போது நைட்ரைட் ஏறும், செவுள் பழுப்பாகும். கால் பங்கு தண்ணீர் மாற்றி, 56 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றச் சொல். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும்.

மீன் தேர்வுக்கு வருவோம். வருகிறவரிடம் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும், பி.எச். பார்க்கும் சொட்டு மருந்தும் வாங்கி வை. கடினத் தண்ணீரென்றால் மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால். இவை அதில்தான் செழிக்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் கேட்டால் அந்தத் தண்ணீருக்குக் கொடுக்காதே. தேக்கிவைத்த மாநகராட்சித் தண்ணீர் கொஞ்சம் மென்மையாக இருந்தால் பார்ப், குராமி கொடுக்கலாம். இடமும் காசும் இல்லாத பிள்ளைக்கு, மூடிபோட்ட பத்துப் பதினைந்து லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு பைட்டர் (சண்டை மீன்). அது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் என்பதால் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும். அம்மோனியாவைத் தாங்காது, மறந்துவிடாதே.

பைட்டரோடு டைகர் பார்பை விடாதே, வாலைக் கடித்துக் கந்தலாக்கிவிடும். ஏஞ்சலோடு நியான் விட்டால் ஏஞ்சல் வளர்ந்ததும் விழுங்கிவிடும்.

சக்கர் மீனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று இரண்டங்குலக் குட்டியை எல்லோரும் விற்கிறோம். நானும் விற்றிருக்கிறேன். அது ஒன்றரை அடிவரை வளரும். தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்ல மனமில்லாமல் கண்மாயிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் அது இப்போது பெருகிக் கிடக்கிறது. முள்ளுடம்பால் வலையைக் கிழிக்கிறது, நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. மதுரைக்காரர்களுக்கு அயிரை மீன் என்றால் உயிர். அயிரை வாழ்கிற வாய்க்காலில் இதைக் கொண்டுபோய் விடலாமா? விற்காதே தாயி. பாசி படிந்தால் பழைய துணியால் துடைக்கச் சொல்.

திருநகர் மீன்கடை (ஐந்து வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னியுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

கிண்ணங்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பாவுக்கு முதலில் வருத்தம். நோட்டைக் காட்டியதும் ஒன்றும் சொல்லவில்லை. சக்கர் மீன் புதிதாக வரவழைப்பதில்லை. வாசலில் "உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டு வாருங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். வாடிப்பட்டி அண்ணே சொன்னது நடந்தது. முதல் இரண்டு வாரம் விற்பனை நன்றாகவே குறைந்தது. இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது. பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. கடைத் தொட்டிகளில் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்த பழகிய பில்டர் பதினான்கு கொடுத்தேன். அந்தப் பதினான்கு வீட்டில் இரண்டில் மட்டும் மீன் செத்தது. அதில் ஒன்று மின்தடையில் இரவெல்லாம் பம்ப் நின்ற வீடு.

அந்தப் பையன் வீட்டுக்கு நானே போனேன். போர்வெல் தண்ணீர் டி.டி.எஸ். 1,400, பி.எச். 8.2. தாத்தாவிடம் காரணத்தைச் சொன்னேன். கடையில் ஓரமாகக் கிடந்த பழைய இரண்டடித் தொட்டி, பழகிய பில்டர், ஒரு ஜோடி கறுப்பு மோலி கொடுத்தேன். காசு வேண்டாமென்றேன்; தாத்தா பாதியைக் கையில் திணித்துவிட்டார். தீனி எவ்வளவு போட வேண்டும் என்று பையனுக்கு விரல் நுனியில் எடுத்துக் காட்டினேன். ஒரு மாதம் ஆகிறது, இரண்டும் இருக்கின்றன. நேற்று மாலை மூச்சிரைக்க ஓடிவந்தான். குட்டி போட்டிருக்கிறதாம், பதினேழு எண்ணினானாம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே தாய் ஒன்றைத் தின்றுவிட்டதாம். என்ன செய்யச் சொல்லட்டும்?

கொளத்தூர் வளர்ப்புக்காரர்:

உடனே வேலம்பாசி ஒரு கை நிறைய மிதக்கவிடச் சொல். குட்டிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். கண்மாயிலிருந்து அள்ளினால் அப்படியே போடக்கூடாது. தட்டான்பூச்சியின் புழு அதில் ஒட்டி வரும், ஒரே இரவில் குட்டிகளை எல்லாம் தின்றுவிடும். வெள்ளைத் தட்டில் பரப்பி, கொத்துக் கொத்தாக உதறிப் பார்த்துவிட்டுப் போடட்டும். தீனியை மாவாக நுணுக்கி, ஒரு நாளைக்கு மூன்று முறை, சிட்டிகையிலும் பாதி. பெரிய மோலிகளுக்கு முதலில் வயிறு நிறையப் போடச் சொல், பசி அடங்கினால் குட்டியைத் துரத்துவது குறையும்.