காற்று தள்ளின என் அஞ்சு ரவுண்டும், ஸ்மார்ட் தோட்டாவும்: உங்க அனுபவம்?

உச்சிப்புளி பட்டாளத்தான்:
பறக்கும்போதே தானா திரும்புற ஸ்மார்ட் தோட்டாவைப் பத்தி 2015ல் வந்த அமெரிக்க வீடியோவைப் பார்த்ததில் இருந்து ஒரு பழைய நாள் மனசை விட்டுப் போகலை. சுடுற ரேஞ்சில் 300 மீட்டர், நம்ம ராணுவத்து இன்சாஸ் ரைஃபிள், படுத்த நிலை, அஞ்சு ரவுண்டு. போய்ப் பார்த்தா அஞ்சும் ஒரு உள்ளங்கைக்குள்ளே இருக்கு, ஆனா நடுவில் இருந்து ஒரு சாணுக்கு மேல வலப்பக்கம். கை பிசகலை, காற்று தள்ளிருச்சு. முகத்தில் படுறதை வச்சே கச்சான் காற்று திரும்புறதைச் சொல்ற வள்ளக்காரர் மகன் நான். புல்லு சாயுறதைப் பார்க்காம விட்டுட்டேன். வீடியோவில் புதுசா சுடுறவர் விட்ட 12.7 மி.மீ. தோட்டா, ஓடுற இலக்கை வளைஞ்சு போய் அடிக்குது. சிப்பாய் ரைஃபிளுக்கு இது வருமா? (அந்த ரேஞ்சு நாளில் இருந்து இடது காதில் இரைச்சல் வேற.)

மண்டபம் ரிப்பேர் கடை:
வராதுண்ணே. படகு ஜி.பி.எஸ். ரிப்பேர் பண்றவன் நான். இடுப்பு உயரத்தில் இருந்து விழுந்த செட்டைத் திறந்தேன், உள்ளே நேரம் கணக்கிடுற கிரிஸ்டல் உடைஞ்சு கிடந்துச்சு. அரை மீட்டர் குழலுக்குள்ளே நொடிக்கு 900 மீட்டர் வேகம் எடுக்கிற தோட்டா புவியீர்ப்பைப் போலப் பல்லாயிரம் மடங்கு உதை வாங்கும். நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல சுழலும். அதில் எந்தச் சிப்பு பிழைக்கும்?

தனுஷ்கோடி ஜீப்:
தம்பி, உதையைக் காரணம் சொல்லாதீங்க. இரண்டாம் உலகப் போரிலேயே ரேடியோ ஃபியூஸை (இலக்குக்குப் பக்கத்தில் போனதும் வெடிக்க வைக்கிற கருவி) பீரங்கிக் குண்டில் வச்சுச் சுட்டிருக்காங்க. சுழற்சிக்கும் வழி இருக்கு. 2012ல் அமெரிக்காவோட சாண்டியா ஆய்வகம் காட்டின 4 அங்குலத் தோட்டா சுழலாது, சிறகால் திரும்பும், முனையில் இருக்கிற உணரி இலக்கில் விழுற லேசர் ஒளியைப் பார்த்துப் போகும். எனக்குச் சந்தேகமே அந்த ஒளியில்தான். மத்தியானம் அரிச்சல்முனை மணலில் பைனாகுலர் வச்சுப் பார்த்தேன். தூரத்தில் நின்ற ஆள் கானலில் இடுப்போடு ரெண்டா பிரிஞ்சு ஆடினார். எந்த உருவத்து மேல லேசர் புள்ளியை வைப்பீங்க?

மண்டபம் ரிப்பேர் கடை:
ஃபியூஸ் விஷயம் சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா பீரங்கிக் குண்டில் இடம் இருக்கு. 12.7 தோட்டா 40 கிராமுக்கு மேல, இன்சாஸ் தோட்டா 4 கிராம்தான். சாண்டியா தோட்டா நொடிக்கு 30 தடவை திருத்தும்னாங்க. 300 மீட்டரை அரை நொடிக்குள்ளே கடந்திரும், திருத்த நேரம் எங்கே? தூரத்துக்குச் சுடுற ஸ்னைப்பருக்கு வரும், சிப்பாய்க்கு மூளை துப்பாக்கிக் குறிநோக்கியில்தான் (ஸ்கோப்) வரும். 2022ல் அமெரிக்கா ஒப்பந்தம் போட்ட எக்ஸ்.எம்.157 குறிநோக்கியில் லேசர் தூரமானியும் கணிப்பானும் இருக்கு, தோட்டா சாதாரணம்தான்.

கீழக்கரை:
என்.சி.சி.யில் ஒரே தடவை .22 சுட்டேன், சாயங்காலம் வரைக்கும் காதில் 'ங்ங்'னு கேட்டுச்சு. அண்ணே, உங்க இரைச்சலைச் சும்மா விடாதீங்க. வலது தோளில் வச்சுச் சுடுறவங்களுக்கு இடது காதுதான் குழல் வாய்ப் பக்கம் இருக்கும், அதுதான் அதிகம் அடி வாங்கும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஆடியோகிராம் எடுங்க. உரத்த சத்தத்தில் செத்த உள்காது உணர்வுச் செல் திரும்ப முளைக்காது, மிச்சத்தைக் காப்பாத்தணும். ராத்திரி இரைச்சல் தூக்கத்தைக் கெடுத்தா ஃபேனை ஓட விடுங்க, சத்தத்தில் அது அமுங்கும். விசைப்படகு எஞ்சின் பக்கம் போனா காதடைப்பான் போடுங்க.

உச்சிப்புளி பட்டாளத்தான்:
திங்கள்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன் தம்பி. ஜீப் அண்ணே, அந்தக் கானல் நேரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிச்சுச்சு?