திருவனந்தபுரம் – துபாய்: போக 2 மணி 45, வர 5 மணி 25?

பாளைக்காரன்:
சித்திக்கு டிக்கெட் பார்க்கேன். போகும்போது காலை 5:00-க்குக் கிளம்பி 7:45-க்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. திரும்பி வர்றப்போ மதியம் 1:00 – மாலை 6:25. அதே தூரம்தானே, இரு மடங்கு நேரம் எப்படி? இடையில எங்கேயும் இறங்குதா?

கொக்கிரகுளம்:
நேர் விமானம்தான் தம்பி. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் அந்த ஊர் நேரம், இறங்கும் நேரம் இறங்குற ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால. வருஷம் முழுக்க அப்படித்தான். போகும்போது ஒன்றரையைக் கூட்டுங்க: 4:15. வரும்போது கழிங்க: 3:55. உண்மையான பயண நேரம் இதுதான்.

கயத்தாறு காற்றாடி:
மீதி 20 நிமிஷ வித்தியாசம் காற்றால. நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,950 கி.மீ. ஏ320, போயிங் 737 ரகம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 840 கி.மீ. ஓடும், காற்றே இல்லைன்னா மூன்றரை மணி நேரம். சராசரி 60 கி.மீ. காற்று எதிரே வீசினால் 3:47, பின்னாலிருந்து தள்ளினால் 3:17. குளிர்காலத்தில் வளைகுடா அட்சரேகையில் மேற்கிலிருந்து வரும் உயர்மட்டக் காற்று பலமா இருக்கும், அதான் போகும்போது இழுக்கும். ஆடியில் கதை வேற. ஆரல்வாய்மொழியில் காற்றாலையைச் சுத்துறது மேற்கிலிருந்து தரையை ஒட்டி வீசுற காற்று. அதே சமயம் 12 கி.மீ. உயரத்தில் தென்னிந்தியா மேல கிழக்குக் காற்று வீசும், போகிற விமானத்துக்கு அது துணை.

டிக்கெட் நேரம் கதவு மூடி நகர்றதிலிருந்து அங்கே போய் நிக்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்றது, மெதுவா ஏறி இறங்குறது, துபாய் மேல வரிசைக்காக வட்டமடிக்கிறது எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

பாளைக்காரன்:
புரிஞ்சுது அண்ணாச்சி. 15-ஆம் தேதி 00:40 விமானம் விலை கம்மி. அதைப் போடலாமா?

கொக்கிரகுளம்:
போடலாம், ஆனா நெல்லையிலிருந்து கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி சாயங்காலம். இதில்தான் பலர் விமானத்தை விடுறாங்க. சாலை வழி சுமார் 150 கி.மீ.; நாகர்கோவில் வரை நாலுவழி, அதுக்கு மேல தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைன்னு ஊருக்குள்ள நெரிசல். நாலு மணி நேரம் வைங்க. வெளிநாட்டு விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னால, அதாவது 9:40-க்கு அங்க இருக்கணும். 5 மணிக்கே கிளம்பிடுங்க. கவுண்டரைப் பொதுவா ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிடுவாங்க.

டிரைவர்கிட்ட சாக்கை பக்கத்து வெளிநாட்டு முனையம்னு தெளிவாச் சொல்லுங்க. உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், ஓடுபாதைக்கு அந்தப்புறம். மாறி இறங்கினா நடந்து போக முடியாது, ஊரைச் சுத்தி வரணும்.

திரும்பி வர்றது 20-ஆம் தேதி இரவு 10:30-ன்னா, இங்க இறங்குறது 21-ஆம் தேதி விடியற்காலை நாலு மணி போல. காருக்கு 21-ன்னு சொல்லி வைங்க.